கைராசி அக்கா கடையிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அதிர்ஷ்டம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அரசுத் தேர்வு, கல்லூரிச் சேர்க்கை என ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருவேன். "அந்த அக்கா கடையில போட்டா வேலை கிடைச்சிடும், கைராசி" என்று பர்கூர், மத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று நானும் மறுத்ததில்லை. நான் செய்வது இவ்வளவுதான்: விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கச் சொல்லி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாக வாசிக்க வைப்பேன். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பட்டியலில் முன்னால் இருக்கும், சாதிச் சான்றில் அப்பா பெயரே ஓர் எழுத்து மாறியிருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்த் திரும்பி வருகிறவர்கள் "நேரம் சரியில்லக்கா" என்பார்கள். இனிஷியல்தான் சரியில்லை என்றால் நம்ப மாட்டார்கள்.

கடந்த ஞாயிறு இணைப்பில், அதிர்ஷ்டம் நம் மனப்போக்கிலும் பழக்கத்திலும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் வைஸ்மேன் நடத்திய சோதனையும் அதில் வந்திருந்தது. தங்களை அதிர்ஷ்டசாலி என்று நினைப்பவர்களிடமும் அதிர்ஷ்டக்கட்டை என்று நினைப்பவர்களிடமும் ஒரு நாளிதழைக் கொடுத்து, அதில் எத்தனை படங்கள் என்று எண்ணச் சொன்னார். இரண்டாம் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் "எண்ணுவதை நிறுத்துங்கள், 43 படங்கள் இருக்கின்றன" என்று அச்சிட்டிருந்தார். முதல் கூட்டம் அதைச் சட்டென்று பார்த்துவிட்டது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலோர் பதற்றத்தோடு படங்களையே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதை என் கடையில் தினமும் பார்க்கிறேன். சுவர் முழுக்க அறிவிப்புகளை ஒட்டி வைத்திருக்கிறேன். பிரின்ட் வரும் வரை காத்திருப்பவர்கள் செல்போனைத்தான் பார்ப்பார்கள். மத்தூர்ப் பையன் ஒருவன், பி.எஸ்சி. முடித்தவன், மட்டும் சுவரைப் படிப்பான். பக்கத்தில் நிற்பவரிடம் வாயும் கொடுப்பான். சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பில் புத்தகத்தை நகலெடுக்க வந்திருந்தார். "ஒட்டுக் கட்டுறதுக்கு எந்த மாசம் நல்லதுங்கய்யா?" என்று இவன் கேட்டான். அவர் அல்போன்சா, பெங்களூரா என்று மா ரகங்களில் ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். கடைசியில், "கணக்கு எழுத ஆள் தேடுறேன், வர்றியா தம்பி?" என்றார். போனான். அங்கே வந்து போகும் மாங்கூழ்த் தொழிற்சாலைக்காரர் ஒருவர் மூலம் இப்போது கொள்முதல் பிரிவில் மாதச் சம்பளத்தில் இருக்கிறான். கூடப் படித்தவர்கள் "உடம்பெல்லாம் மச்சம்டா உனக்கு" என்கிறார்களாம்.

தொலைநிலைக் கல்வியில் சமூகவியல் படித்தபோது இதற்கு ஒரு கணக்கே இருப்பது தெரிந்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கர் 1973இல் வெளியிட்ட கட்டுரை. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 17 விழுக்காடுகூட இல்லை. எப்போதாவது பார்க்கிறவர், மறந்தே போனவர் மூலம்தான் மற்றவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்குமே!

ராகு காலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி நாள். பத்தரைக்கெல்லாம் விவரங்களை ஏற்றிவிட்டேன், பணம் கட்டுவதுதான் பாக்கி. "பன்னெண்டு மணிக்கு மேல கட்டிக்கலாம்மா" என்று பெண்ணின் அப்பா தடுத்துவிட்டார். பன்னிரண்டுக்குப் பிறகு இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் இரவு ஒன்பது வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். ஒருவழியாகப் பணம் போயிற்று. ராகு காலம் பார்ப்பதை நான் கேலி செய்யவில்லை, என் மாமியாரும் பார்ப்பார். கடைசி நாளில் பார்ப்பதுதான் வம்பு.

தமிழ்வழிச் சான்றும் அப்படித்தான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010இல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்ததாகக் காட்ட வேண்டும், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் அறிவிப்பு வந்தால் பள்ளிக் கதவு பூட்டிக் கிடக்கும். அறிவிப்பு வருவதற்கு முன்பே வாங்கி ஃபைலில் வைத்திருப்பவர்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஆனால் ஆசிரியர் அவர்களே, வைஸ்மேன் எல்லோர் கையிலும் ஒரே நாளிதழைக் கொடுத்தார். வேப்பனப்பள்ளியைத் தாண்டி ஆந்திர எல்லையோரத்திலிருந்து வரும் பெண்ணுக்கு அந்த நாளிதழே போய்ச் சேருவதில்லை. ஓ.டி.பி. வரும் செல்போன் அப்பாவோடு தக்காளித் தோட்டத்தில் இருக்கும். முன்பின் தெரியாதவரிடம் அந்த மத்தூர்ப் பையன் மாதிரி அரை மணி நேரம் அவள் பேசினால் ஊரில் வேறு கதை கட்டிவிடுவார்கள். அவளிடம் போய் மனப்போக்கை மாற்றிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கட்டுரை இந்த இடத்தைத் தொடாமலே போய்விட்டது.

அதனால் ஒரு வேண்டுகோள். "விண்ணப்பிக்க நாளை கடைசி நாள்" என்ற செய்தியால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. வேலைவாய்ப்பு, கல்வி உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை ஆகியவற்றின் கடைசித் தேதிகளையும் தேவையான சான்றுகளையும் பத்து நாள் முன்னதாக மாவட்டப் பக்கத்தில் போடுங்கள். ராசிபலனுக்குத் தினமும் ஒதுக்கும் இடத்தில் பாதி போதும். அதை வெட்டி எடுத்து நகல் போட்டு, வேப்பனப்பள்ளிப் பேருந்தில் கொடுத்தனுப்புவது என் பொறுப்பு. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். பொடி எழுத்து ஜெராக்ஸில் சரியாக விழாது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகி,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.