கன மீட்டருக்கு நூறு லிட்டராம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற புதன்கிழமை தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் படிப்பது எப்படி என்று விளக்கிய கட்டுரையில், "ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்பதுபோல, ஒரு கன மீட்டருக்கு நூறு லிட்டர்" என்று ஒரு வாக்கியம் வந்திருந்தது. ஆயிரத்தில் ஒரு சுழி மட்டும் விழுந்துபோயிருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்து, தங்கள் வாசகர்களுக்கு இயல்பாகவே அமைந்துவிட்ட பொறுமையோடு பக்கத்தைப் புரட்டியிருப்பேன். "என்பதுபோல" என்று காரணமும் காட்டித் தவற்றை நிலைநாட்டியிருப்பதால்தான் எழுத வேண்டியதாயிற்று.

தாமிரபரணிக் கரையோரப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் வீட்டுப்பாடத்தில் அதே நூறு லிட்டரை எழுதி வைத்திருந்தான். தவறு என்று சொன்னபோது, "பேப்பர்லயே போட்டிருக்கே தாத்தா" என்று தங்கள் நாளிதழை எடுத்து நீட்டினான். முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் ஒரு நாளிதழ்த் தாளுக்கு முன் தோற்று நின்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தாள் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும் என்பதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

தங்களுக்குத் தெரியாததல்ல. கன அளவுக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று திசைகள் உண்டு. மீட்டரை ஒரு திசையில் பிரித்தால் நூறு சென்டிமீட்டர். இரண்டு திசைகளில் பிரித்தால் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். மூன்று திசைகளிலும் பிரித்தால் பத்து லட்சம் கன சென்டிமீட்டர். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள சிறு பெட்டியே ஒரு லிட்டர். இதை மாணவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால், ஒவ்வோர் ஆண்டும் ஒரு மீட்டர் நீளமுள்ள பன்னிரண்டு மூங்கில் குச்சிகளைச் சணல் கயிற்றால் கட்டி ஒரு கூடு செய்து வகுப்பின் நடுவில் வைப்பேன். அதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு லிட்டர் அளவில் ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்து, இதைப்போல எத்தனை பெட்டிகள் அந்தக் கூட்டுக்குள் அடங்கும் என்று கேட்பேன். நூறு என்று முதலில் சொல்பவன் எந்த வகுப்பிலும் ஒருவன் இருப்பான். ஒரு வரிசைக்குப் பத்து, அப்படிப் பத்து வரிசை சேர்ந்தால் தரையில் ஓர் அடுக்குக்கு நூறு என்று அடுக்கிக் காட்டியதும், மேலே இன்னும் ஒன்பது அடுக்குகளுக்கு இடம் காலியாக இருப்பதை அவனே கண்டுகொள்வான். தங்கள் கட்டுரையாளர் முதல் அடுக்கோடு எழுந்து போய்விட்டார்.

1901 முதல் 1964 வரை, ஒரு கிலோ தூய நீர் அடைத்துக்கொள்ளும் இடமே லிட்டர் என்று வரையறுத்திருந்தார்கள். அது ஒரு கன டெசிமீட்டரைவிட, அதாவது பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள அந்தச் சிறு பெட்டியைவிட, லட்சத்தில் சுமார் மூன்று பங்கு கூடுதலாக இருந்தது. அந்த வேறுபாட்டையும் பொறுக்காமல், எடைகள் அளவைகள் பொது மாநாடு 1964இல் பழைய வரையறையை நீக்கி, லிட்டரை மீண்டும் கன டெசிமீட்டராகவே ஆக்கியது. லட்சத்தில் மூன்று பங்குக்கு உலகமே கூடிப் பேசியிருக்கிறது. தாங்கள் பத்தில் ஒன்பது பங்கை ஒரே வாக்கியத்தில் விழுங்கியிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டு மீட்டர் சென்ற மாதம் 14 கன மீட்டர் ஓடியது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்குத் தொண்ணூறு லிட்டருக்குச் சற்று மேல் ஆகிறது, பொருத்தமான கணக்குதான். தங்கள் கணக்குப்படி நாங்கள் ஆளுக்கு ஒன்பது லிட்டரில் குளித்து, துவைத்து, சமைத்து, செடிக்கும் ஊற்றியிருக்கிறோம்.

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் பாட்டி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை என்று பிசானப் பருவ நெல் அறுவடைக் களத்தில் கண்ணாலேயே அளந்துவிடுவார். அந்தக் களத்தில் யாராவது வந்து மரக்காலுக்கு எண்பது படி என்று சொல்லியிருந்தால், உச்சி வெயிலில் நின்றதால் வந்த பிதற்றல் என்று மோர் கொடுத்து நிழலில் உட்காரவைத்திருப்பார்கள். இதுவும் அதே பத்து மடங்குப் பிழைதான். இங்கே அதை அச்சிட்டுப் பிள்ளைகளுக்கு விநியோகித்திருக்கிறோம்.

இது முதல் முறையும் அல்ல. தங்கள் அணை நிலவரப் பகுதியில் "பாபநாசத்திலிருந்து 1,400 அடி நீர் திறப்பு" என்று வரும். அது கன அடி; அதுவும் விநாடிக்கு என்று சேர்த்தால்தான் பொருள் வரும். இந்த இரண்டு சொற்களுக்கு இடமில்லாத அதே பத்தியில் அமைச்சரின் பட்டங்களுக்கு மட்டும் இடம் இருக்கிறது. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்று ஒரு முறை எழுதியிருந்தால், விநாடிக்கு 1,400 கன அடி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 40 கன மீட்டர், அதாவது என் மூங்கில் கூட்டில் நாற்பது, என்று கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயியின் மகனும் கண்ணால் பார்த்திருப்பான். 143 அடி உயர அணையில் 71 அடி தண்ணீர் நின்ற அன்று "பாபநாசம் அணை பாதி நிரம்பியது" என்று தலைப்பிட்டீர்கள். அடி குறுகி வாய் அகன்ற கும்பாவில் பாதி உயரத்துக்குப் பால் ஊற்றினால் பாதிப் பால் ஆகிவிடாது என்று அப்போதே எழுதினேன். மலைப் பள்ளத்தாக்கும் கும்பாவைப் போன்றதுதான், உயர உயர விரியும். அந்தக் கடிதத்தில் கும்பாவை வெட்டிவிட்டு, "அணைச் செய்திகள் பயனுள்ளவை" என்ற பாராட்டு வரியை மட்டும் வெளியிட்டதற்கு இப்போதாவது நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தை எங்கள் வட்டாரத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த சுமார் 95 செ.மீ. மழையைத் தாங்கள் 95 மி.மீ. என்று போட்டீர்கள், மறுநாள் திருத்தமும் இல்லை. சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். அப்படியென்றால் அங்கே ஒவ்வொரு சதுர மீட்டர் மண்ணிலும், ஒவ்வொரு மொட்டைமாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 950 லிட்டர் விழுந்திருக்கிறது. என் மூங்கில் கூடு தரை முழுக்க வரிசையாக நிற்க, ஒவ்வொன்றும் மூன்று விரற்கடை குறைய நிரம்பியிருப்பதாக நினைத்துப் பாருங்கள். "வரலாறு காணாத" என்று தாங்கள் பதினோரு முறை எழுதியதைவிட இந்த ஒரு படம் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கும்.

என் சொந்த இழப்பையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தரைக்கடியில் எட்டாயிரம் லிட்டர் தொட்டி கட்ட ஒருவரிடம் ஒப்பந்தம் பேசினேன். கட்டி முடித்ததும் அவர் வெளிப்புற அளவை எடுத்து, 2.4 மீட்டர் நீளம், 1.9 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் ஆழம், பெருக்கினால் எட்டாயிரத்து இருநூறு லிட்டர், இருநூறு லிட்டர் உங்களுக்கு இனாம் என்றார். உள்ளே இறங்கி நான் அளந்தபோது, இருபுறச் சுவரும் அடித்தளமும் வழிகுழாய்க்கு மேலுள்ள வெற்றிடமும் போக, 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், தண்ணீர் நிற்கும் உயரம் 1.5 மீட்டர், ஆக 4,500 லிட்டர்தான். கணக்கு ஆசிரியனான எனக்கே மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர் குறைந்தது. அவரும் தங்கள் நாளிதழின் வாசகர்தான் என்பதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

ஆகவே அடுத்த புதன்கிழமை அதே மாணவர் பகுதியில், அதே எழுத்து அளவில், "ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர், சென்ற வாரம் தவறாக வெளியானது" என்று ஒரு வரி போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அணை நிலவரத்தில் கன அடிக்குப் பக்கத்தில் கன மீட்டரையும் போட முடிந்தால் மகிழ்ச்சி, முடியாவிட்டாலும் "கன" என்ற இரண்டு எழுத்தையாவது விடாமல் போடுங்கள். திருத்தம் வெளியாகும் பக்கத்தைக் கத்தரித்து என் பேரனின் கணக்கு நோட்டில் ஒட்ட வேண்டியிருக்கிறது; அதனால் ராசிபலனுக்கு அடியில் பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.