சித்தப்பாவுக்கு: ஷோஸ்தகோவிச்சா, புரோகோஃபியெவா?

அன்புள்ள சித்தப்பா,

பொங்கலுக்கு வந்திருந்தபோது, "இன்னும் ஷோஸ்தகோவிச் கட்சிதானே நீ?" என்று கேட்டீர்கள். சோவியத் இசையமைப்பாளர்கள் ஷோஸ்தகோவிச், புரோகோஃபியெவ் இருவரில் யார் பெரியவர் என்ற அதே பழைய வழக்கு. நான் பதில் சொல்வதற்குள் சித்தி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். அவர் கூப்பிடாமல் இருந்திருந்தாலும் எனக்கு உடனே வாய் வந்திருக்காது. முப்பது வருஷத்துக்கு மேல் நீங்களும் நானும் ஒரே கட்சி. மாறிவிட்டேன் என்பதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயக்கமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. சோவியத் புத்தகக் கண்காட்சியில் நீங்கள் வாங்கி வந்த மெலோதியா இசைத்தட்டு, ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனி. தட்டைப் போடுவதற்கு முன்பே கதையைச் சொல்லிவிட்டீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் முற்றுகைக்குள் பட்டினி கிடக்கும் லெனின்கிராட். வானொலி நிலைய ஆர்கெஸ்ட்ராவில் பலர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு ஊத மூச்சில்லை. கார்ல் எலியாஸ்பெர்க் நடத்திய முதல் ஒத்திகை கால் மணி நேரத்துக்கு மேல் ஓடவில்லை. ராணுவத்திலிருந்து வாத்தியக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். 1942 ஆகஸ்ட் 9 அன்று கச்சேரி நடந்தது. அந்த நேரத்தில் ஜெர்மன் பீரங்கிகள் வாய் திறக்காதபடி சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே அவற்றை அடித்து அடக்கின. நகரம் முழுக்க ஒலிபெருக்கி. இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஊசியை வைத்தீர்கள். எங்கோ தூரத்தில் அந்தச் சிறு முரசு ஆரம்பித்து, அதே மெட்டு திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து, கடைசியில் கூடத்துக்குள்ளேயே படை புகுந்துவிட்டதுபோல நான் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கேட்கத் தோன்றுகிறது சித்தப்பா: அன்று என்னைப் பிடித்துக்கொண்டது அந்த இசையா, நீங்கள் சொன்ன கதையா?

ஷோஸ்தகோவிச்சைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. நான்கே தந்தி வாத்தியங்களுக்கு அவர் எழுதிய எட்டாவது குவார்டெட்டுக்கு எந்தக் கதையும் வேண்டாம். 1960 ஜூலையில், டிரெஸ்டன் பக்கத்தில் மூன்றே நாளில் எழுதியது. தன் பெயரின் எழுத்துகளை ஜெர்மன் முறையில் நான்கு ஸ்வரங்களாக்கி, முதல் வரியிலேயே செல்லோவிடம் கொடுத்துவிடுகிறார். ஐந்து பகுதிகளிலும் அந்த நான்கு ஸ்வரங்கள் விடுவதில்லை, இருட்டில் ஒரு ஆள் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு நடப்பதுபோல. நான்காம் பகுதியில் ஒற்றை ஸ்வரம் இழுத்துக்கொண்டே நிற்க, அதன்மேல் மூன்று அடி விழுகிறது. நள்ளிரவில் கதவைத் தட்டும் சத்தம் என்று பலர் சொல்வார்கள். அப்படி யாரும் சொல்லித்தராமலேயே எனக்கு முதல் தடவை வயிற்றைக் கலக்கியது.

"வலியைச் சொல்லத் தெரிஞ்சவன்தான் பெரிய கலைஞன்." இது உங்கள் வாக்கு. நானும் அதை வேதமாகவே வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் புரோகோஃபியெவ் எனக்குச் சின்னவராகத் தெரிந்தார். குழந்தைகளுக்காக 'பீட்டரும் ஓநாயும்' எழுதியவர், கெட்டிக்காரர், பாரிசிலும் அமெரிக்காவிலும் சுற்றிவிட்டு வந்தவர். அவ்வளவுதான் அவருக்கு நான் கொடுத்த இடம்.

முதலில் அந்த எண்ணத்தை ஆட்டியது அவருடைய ரோமியோ ஜூலியட் பாலே. அதில் பிரபுக்கள் ஆடும் அந்தப் புகழ்பெற்ற நடனத்தை எல்லோரும் கேட்டிருப்பார்கள். கீழே ட்ராம்போனும் டியூபாவும் யானைபோல அடி எடுத்து வைக்க, மேலே வயலின்கள் விறைப்பாகத் தாவித் தாவி ஏறி இறங்கும். விளம்பரங்களில் வருவது அந்த முரட்டுப் பகுதி மட்டும்தான். நடுவில் எல்லாம் சட்டென்று அடங்கி, ஒரு புல்லாங்குழல் வரும். பெற்றோர் பார்த்துவைத்த மாப்பிள்ளையுடன் ஜூலியட் ஆட வேண்டிய இடம். எவ்வளவு மரியாதையான, எவ்வளவு குளிர்ந்த மெட்டு! அந்தப் பெண்ணுக்கு இதில் இஷ்டமில்லை என்பதை ஓங்கிச் சொல்லும் ஒரு ஸ்வரம்கூட அதில் இல்லை. ஆனாலும் தெரிந்துவிடுகிறது. ஷோஸ்தகோவிச் என்றால் அந்த இடத்தில் அலற வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முதன்முறையாக அந்த ஒப்பீட்டில் தராசு மறுபக்கம் சாய்ந்தது.

பிறகு வரலாற்றையும் திரும்பப் படித்தேன். 1936 ஜனவரியில் ஷோஸ்தகோவிச்சின் ஓபராவை ஸ்டாலின் பார்த்துவிட்டுப் போன இரண்டாம் நாள் கம்யூனிஸ்ட் கட்சி நாளேடு பிராவ்தா ஷோஸ்தகோவிச்சைக் கிழித்தது நமக்கு மனப்பாடம். அதே ஆண்டில்தான் புரோகோஃபியெவ் மாஸ்கோவில் குடியேறினார். 1938க்குப் பிறகு அவரால் வெளிநாடு போகவே முடியவில்லை. இசையமைப்பாளர்களைக் கண்டித்து 1948 பிப்ரவரி 10 அன்று கம்யூனிஸ்ட் கட்சி போட்ட தீர்மானம் இருவர் பெயரையும் சேர்த்தே இழுத்தது. பத்தே நாளில் லீனாவைக் கைது செய்தார்கள். புரோகோஃபியெவின் முதல் மனைவி, இரண்டு பையன்களின் தாய். எட்டு வருஷம் முகாமில் கிடந்தார். புரோகோஃபியெவ் 1941இலேயே அவரை விட்டுப் பிரிந்து மீரா என்ற பெண்ணுடன் போய்விட்டார். லீனா கைதாவதற்கு முந்தைய மாதம்தான் மீராவைப் பதிவுத் திருமணமும் செய்துகொண்டார். இதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. லீனாவுக்கு அவர் செய்தது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. அந்த மனிதரைவிட ஷோஸ்தகோவிச்சின் மேல்தான் எனக்குப் பாசம் அதிகம். ஆனால் நீங்கள் கேட்டது இசையைப் பற்றி.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். புரோகோஃபியெவுக்கும் ஒரு ஏழாவது சிம்பொனி உண்டு. 1952இல் எழுதி முடித்தது. 1945இல் கீழே விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவர் உடம்பு தேறவே இல்லை. நாளைக்கு ஒரு மணி நேரம் எழுதுவதற்கே மருத்துவர்களிடம் மன்றாட வேண்டிய நிலைமை. படைப்புகளை வாசிக்க ஆளில்லை, கையில் காசும் இல்லை. அப்போது சிறுவர் வானொலிக்காக எழுதத் தொடங்கியதுதான் இந்த சிம்பொனி. எவ்வளவு எளிமையாக இருக்கிறது தெரியுமா சித்தப்பா? முதல் பகுதியில் ஒரு அகலமான மெட்டு வரும், பெரிய ஆறு ஒன்று திரும்புகிற மாதிரி. அதையடுத்து சின்ன மணிகள் கிணுகிணுக்கிற மாதிரி இன்னொன்று. கடைசிப் பகுதி ஓட்டமும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருக்கும்போது அந்த ஆறு திரும்பி வருகிறது. அது போனதும் மணிகளும் வருகின்றன, ஒரு பழைய கடிகாரம் ஓடுவதுபோல. ஓடி ஓடி மெல்ல நிற்கிறது. தந்தியை விரலால் ஒரு சுண்டு. முடிந்தது.

அந்த முடிவு சோகமாக இருக்கிறது, உற்சாகமாக முடித்தால் முதல் தர ஸ்டாலின் பரிசு கிடைக்கும், ஒரு லட்சம் ரூபிள் என்று சொல்லி, நடத்துநர் சமோசூத் அவரை மாற்ற வைத்தார். பணத்துக்காக அவரும் துள்ளலான ஒரு வால் எழுதி ஒட்டினார். ஆனால் தனக்குப் பிறகு அமைதியான முடிவுதான் நிலைக்க வேண்டும் என்று இளம் செல்லோ கலைஞர் ரஸ்த்ரபோவிச்சிடம் சொல்லி வைத்தார். பரிசு கிடைக்கவில்லை. செத்த பிறகு, 1957இல், அதே சிம்பொனிக்கு லெனின் பரிசு கொடுத்தார்கள்.

இரண்டு முடிவுகளும் இன்று பதிவுகளில் கிடைக்கின்றன. நான் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். அந்தத் துள்ளல் முடிந்ததும் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். நோயும் வறுமையும் பயமுமாக இருந்த ஒரு மனிதர் குழந்தைகளுக்கு எழுதும்போது தன் பாரத்தில் ஒரு குன்றிமணிகூட அவர்கள் தலையில் ஏற்றவில்லை. எனக்கு அது ஷோஸ்தகோவிச்சின் மூன்று அடிகளைவிடக் கடினமான காரியமாகத் தோன்றியது.

வலியைச் சொல்லத் தெரியாதவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முதல் வயலின் சொனாட்டாவில் பியானோ மெதுவாக நடக்க, வயலின் சத்தம் அமுக்கி மேலும் கீழும் ஓடும் ஒரு இடம் உண்டு. சுடுகாட்டுக் காற்றுபோல இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். 1953 மார்ச் 5, ஸ்டாலின் இறந்த அதே நாளில் அவரும் போனார். மாஸ்கோவின் பூவெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. கூட்டம் அடைத்த தெருவில் சவ வண்டியை விடவில்லை. பெட்டியைக் கையால் தூக்கி, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் சந்துகள் வழியாகக் கொண்டுபோனார்கள். அஞ்சலிக்கு வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். அந்தச் சொனாட்டாவிலிருந்துதான் வயலின் கலைஞர் ஓய்ஸ்த்ராக் அங்கே வாசித்தார். வந்திருந்த முப்பது பேரில் ஷோஸ்தகோவிச்சும் ஒருவர்.

ஆக, நான் புரோகோஃபியெவ் கட்சி சித்தப்பா. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும், ஆனால் விடவும் மாட்டீர்கள். சித்திரை லீவுக்கு வருகிறேன். பிளேயருக்குப் புது ஊசி வாங்கி வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். முதலில் அவருடைய ஏழாவதைப் போடுவோம், மின்விசிறியை அணைத்துவிட்டு, அந்தக் கடைசிச் சுண்டு காதில் விழுகிற மாதிரி. அதற்கப்புறம் உங்கள் எட்டாவது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்