திருத்தம் வரும்வரை பிராசசர் காத்திருப்பதில்லை

பிராசசர் வடிவமைக்கும் நிறுவனங்களுக்கும் மதர்போர்டு தயாரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கணினிகளைப் பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பழுதுள்ள பிராசசருக்கு ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) திருத்தம் வரும் என்று நீங்கள் அறிவிக்கும் நாளுக்கும், அந்தத் திருத்தம் பயனரின் கணினிக்குள் சென்று சேரும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். அந்தக் காலத்தைப் பொறுமையோடு கடந்துவிட வேண்டியதாகவே நீங்கள் எங்களுக்குச் சொல்லி வருகிறீர்கள். ஆனால் சில பழுதுகளில் கேடு முற்றுவதே அந்தக் காலத்தில்தான்.

பலரும் அறிந்த இன்டெல் 13, 14 ஆம் தலைமுறை பிராசசர்களையே எடுத்துக்கொள்கிறேன். முன்னது 2022 அக்டோபரிலும் பின்னது 2023 அக்டோபரிலும் விற்பனைக்கு வந்தன. 2024 தொடக்கத்தில், உயர்வகை ஐ9 பிராசசர் வைத்திருந்தவர்கள் பலர், விளையாட்டைத் திறந்ததுமே ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற பிழைச்செய்தியோடு அது நின்றுவிடுவதாக முறையிட்டார்கள். அந்தச் செய்தியைப் பார்க்கும் எவரும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகிப்பார். டிரைவரை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவார், ரேமைக் கழற்றி மாட்டுவார், கடைசியில் நல்ல நிலையில் இருக்கும் கார்டையே மாற்றுவார். உண்மையிலோ, விளையாட்டின் சுருக்கப்பட்ட தரவை விரிக்கும் கடினமான வேலையின் நடுவே பிராசசர் தவறான விடையைத் தந்துகொண்டிருந்தது. இதை முதலில் வெளிப்படையாக எழுதியவர்களுள், தரவை விரிக்கும் ஊடில் மென்பொருளை உருவாக்கியவர்களும் உண்டு. பிராசசர் கருக்களின் (கணக்கிடும் உட்பகுதிகளான ‘கோர்’களின்) வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள் என்ற தற்காலிக வழியையும் அவர்கள் சொன்னார்கள். அந்த அறிவுரை பிராசசரை விற்றவர்களிடமிருந்து முதலில் வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிராசசர் தனக்குத் தேவையானதைவிட அதிக மின்னழுத்தத்தைக் கேட்கிறது என்றும், அதற்கு மைக்ரோகோடில் (பிராசசரின் செயல்பாட்டை உள்ளிருந்து நடத்தும் நிரலில்) உள்ள பிழை காரணம் என்றும் இன்டெல் 2024 ஜூலை 22 அன்று அறிவித்தது. அந்தக் கேட்பை 1.55 வோல்ட்டுக்கு மேல் போகாமல் தடுக்கும், 129 என்று எண் முடியும் மைக்ரோகோட் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் வந்தது. வேலையின்றியும் இலேசான வேலையோடும் இருக்கும் நேரத்தில்கூட மின்னழுத்தம் உயர்வதைச் சரிசெய்யும் அடுத்த திருத்தம் செப்டம்பர் 25 அன்று அறிவிக்கப்பட்டது. நாட்கணக்கில் நிறுத்தாமல் இலேசான வேலையில் ஓடும் கணினிகளுக்காக மேலும் ஒன்று 2025 மே மாதத்தில் வந்தது. கருவின் வேலைகளை ஒரே தாளத்தில் நடத்தும் கடிகாரத் துடிப்பை அதற்குள் பகிர்ந்தளிக்கும் சுற்று, கூடுதல் மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும் விரைவில் மூப்படைகிறது என்பதும், அப்படி மூப்படைந்தபின் அதே வேகத்தில் ஓட அந்தப் பிராசசருக்கு முன்பைவிட அதிக மின்னழுத்தம் வேண்டியிருக்கிறது என்பதும் 2024 செப்டம்பரில் இன்டெல் தந்த விளக்கம்.

இந்த விளக்கத்தின் பொருளைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். ஒருமுறை தேய்ந்த சுற்றை எந்த மைக்ரோகோடாலும் மீட்க முடியாது. திருத்தம் இனிமேல் வரும் தேய்வைத் தடுக்குமே தவிர, முன்பே தேய்ந்ததைத் திருப்பித் தராது. அப்படியிருக்க, காத்திருந்த ஒவ்வொரு வாரமும், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்த கணினிக்குள்கூடப் பிராசசரின் ஆயுள் குறைந்திருக்கக்கூடும். 1994 இல் பென்டியம் பிராசசரின் வகுத்தல் பிழை வெளியானபோது நிலைமை வேறு. அந்தப் பிழை பிறவியிலேயே இருந்தது; நாளாக ஆக வளரவில்லை. தேவையை நிரூபிப்பவர்களுக்கே மாற்றுப் பிராசசர் என்று முதலில் சொன்ன இன்டெல், அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று கேட்பவர் எவருக்கும் தருவதாக அறிவித்து, அதற்காக 47.5 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்கியது. காத்திருப்பால் மோசமாகாத ஒரு பிழைக்கே அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

மதர்போர்டு தயாரிப்போரிடம் தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய மைக்ரோகோட் திருத்தம் பெரும்பாலும் உங்கள் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே உள்ள அடிப்படை மென்பொருள்) வழியாகத்தான் பயனரை வந்தடைகிறது. புதிய, விலை கூடிய போர்டுக்குச் சில நாட்களில் வரும் பயாஸ், இரண்டு ஆண்டு பழைய மலிவான போர்டுக்கும் அதே நாளில் வர வேண்டும். அதில் பொருத்தியிருக்கும் பிராசசர் அதே பிராசசர்தான். மின்சார வரம்புகளைத் தாராளமாகத் திறந்துவிட்டு அதையே இயல்பு அமைப்பாக வைத்து விற்பதையும் நிறுத்துங்கள். பயாஸ் என்ற சொல்லையே கேட்டறியாத ஒருவர் அந்தக் கணினியை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார். பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் போர்டே முடங்கிவிடும் என்று அஞ்சி என்னிடம் கொண்டுவருபவர்கள் பலர். அந்த அச்சம் நியாயமானது. புதுப்பிப்பு தோற்றாலும் பழைய பயாஸிலிருந்து எழும் வசதி எல்லா விலைப் போர்டுகளிலும் இருக்க வேண்டும்.

பிராசசர் நிறுவனங்களிடம் நான் கேட்பது இதுதான். பழுது பிராசசரையே தேய்க்கக்கூடும் என்ற ஐயம் எழுந்த அன்றே, முழுக் காரணம் தெரியும்வரை நிறுத்தி வைக்காமல், வேகம் குறைந்தாலும் பாதுகாப்பான ஒரு தற்காலிக அமைப்பை வெளியிடுங்கள். வேகம் எவ்வளவு குறையும் என்பதையும் கூடவே சொல்லுங்கள். நூற்றுக்குச் சில பங்கு வேகத்தைச் சில மாதங்கள் விட்டுக்கொடுக்க என் வாடிக்கையாளர்கள் மறுக்கமாட்டார்கள். பாதிக்கப்படும் மாடல்களின் பெயர்களை முதல் அறிவிப்பிலேயே தாருங்கள்.

உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்து, தனியே பெட்டியில் விற்ற பிராசசர்களுக்கு மொத்தம் ஐந்து ஆண்டாக இன்டெல் ஆக்கியதை மனமார வரவேற்கிறேன். ஆயினும் கணினியோடு சேர்த்து வாங்கியவர், விற்றவரிடமே போக வேண்டியிருக்கிறது. விற்ற கடை மூடியிருந்தால் அவர் எங்கே போவார்? பிராசசரின் மேல் பொறித்த எண்ணைக் கொண்டு எவரும் நேரடியாக உங்களிடம் மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். தேய்வு எந்த அளவுக்கு ஏற்பட்டிருக்கிறது என்பதை அளந்து சொல்லும் சோதனைக் கருவியையும், திருத்தத்தோடு சேர்த்தே, பொதுமக்கள் கையில் கொடுங்கள். என் மேசைக்கு வரும் கணினியில் பிழை பிராசசரிலா ரேமிலா என்று கண்டறிய ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர இன்று எனக்கு வேறு நம்பகமான வழி இல்லை.

இப்படிக்கு,
கணினி பழுது பார்க்கும் ஒருவன்