ஓட்டைக்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஓட்டைக்கைக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிடுவது இதுதான் கடைசி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன், நடுவில் தாவிப் படிக்காதே. உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டுவாய், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படி இறங்கும்போது டக் டக் என்று எண்ணிக் காட்டுகிறது. உன் மகள் கல்லூரியில் சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொல்லாமல் விட்டது என் தப்பு, இப்போது சொல்லியாகிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் பள்ளியிலிருந்து ஃபாதர் போன் செய்தார். நம் காலத்து ஃபாதர் இல்லை, அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் மாறிவிட்டார்கள். இவர் நம்மைவிட இளையவர், என்னை சார் என்று கூப்பிட்டார், அதுவே ஒரு மாதிரி இருந்தது. ஸ்போர்ட்ஸ் டே வருகிறதாம், பிடி டீச்சர் புதுசாம், பழைய மாணவன் என்ற முறையில் வந்து கொஞ்சம் கைகொடுக்க முடியுமா என்றார். எனக்கு வேறு என்ன வேலை, போனேன்.

மைதானம் சுருங்கிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. நாடா பிடித்து அளந்து பார்த்தேன், அதே 200 மீட்டர் டிராக். 1500 மீட்டருக்கு இன்றைக்கும் ஏழரைச் சுற்றுதான். மாதா சிலை வைத்த கெபி அதே வளைவில் இருக்கிறது, சுரூபத்துக்குப் புதுசாக நீலம் அடித்திருக்கிறார்கள். அப்புறம், மேடைக்கு மேலே எழுதிவைத்த நம் மூன்று அண்ணன் தம்பிகளும் அப்படியே இருக்கிறார்கள்! சிட்டியஸ், ஆல்டியஸ், ஃபோர்டியஸ். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் நீ புனித ஃபோர்டியஸிடம் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு 34 வாங்கினாயே, அந்த ஃபோர்டியஸ் இன்னும் அசையாமல் நிற்கிறார். மெழுகுவர்த்தி நீ ஏற்றவில்லை என்று நினைக்கிறேன். பாஸ் பண்ணினால்தானே என்று சொன்னாய்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது, இந்த வயதில்தான் எனக்கே தெரிந்தது. ஒலிம்பிக்காரர்கள் சொல்லும் இந்த மூன்று வார்த்தைகளும், வேகமாக, உயரமாக, வலிமையாக என்று சொல்வார்களே, அவை முதலில் ஒலித்தது ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் விளையாட்டுப் போட்டியில்தான். பாரிஸ் பக்கத்தில் ஆர்க்கேய் என்று ஓர் ஊர், அங்கே ஒரு பள்ளி, அதன் தலைமை ஆசிரியர் ஹென்றி திதோன் என்ற டொமினிக்கன் சாமியார். 1891-ல் தன் பையன்களுக்குச் சொன்னார். இன்றைய ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த பியேர் டி கூபர்தான் என்பவர் அவருக்கு நண்பர், அதை எடுத்து 1894-ல் ஒலிம்பிக் இயக்கத்துக்குக் குறிக்கோளாக வைத்துவிட்டார். நம்ம மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் டேயில், ஒரு ஃபாதர் பையன்களிடம் சொன்னதடா அது! நாம் என்னவோ நம் பள்ளிதான் ஒலிம்பிக்கைப் பார்த்துக் காப்பியடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதை ஃபாதரிடம் சொன்னபோது ரொம்பச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக, இந்த வருஷம் முதல் நான்கு ஹவுஸ் கிடையாது சார், இரண்டுதான் என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நம் நான்கு அணிகளில் சேவியரும் போஸ்கோவும் ஒன்று, அசிசியும் தெரேசாவும் ஒன்று. நினைத்துப் பார். சேவியரோடு நம் போஸ்கோ! டிராயிங் ஹால் ஜன்னல் வழியாக நம் கொடியைத் திருடிக்கொண்டுபோய்க் கொட்டகைக் கூரையில் கட்டிய கும்பலோடு. போஸ்கோ யார்? கயிற்றின் மேல் நடந்து, கரணம் போட்டு வித்தை காட்டி, வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை வித்தைக்குக் கூலியாகச் செபம் சொல்ல வைத்தவர். விளையாட்டுக்கென்றே ஒரு புனிதரைத் தேடினால் அவர்தான் கிடைப்பார், அவர் பெயரையா எடுப்பது?

ஃபாதர் மேல் கோபப்படவும் முடியவில்லை, கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. 11, 12 இரண்டு வகுப்பும் சேர்த்துப் பையன்கள் 14 பேர்தான். ஹவுஸுக்கு நான்கு பேர் என்றால் ரிலேக்கு 16 பேர் வேண்டும். இரண்டு பேர் குறைகிறது, அதில் ஒருவனுக்குக் கையில் கட்டு வேறு. நம் காலத்திலேயே நாம் சின்னப் பள்ளிதான், ஆனாலும் ரிலேக்கு ஆள் இல்லை என்ற பேச்சு வந்ததில்லை. ஃபாதர் இன்னொன்றும் சொன்னார், நன்றாக ஓடுகிறவர்களை மட்டும் ஓடவிட்டு மற்றவர்கள் கைதட்டினால் போதுமே, நிகழ்ச்சியும் சீக்கிரம் முடியும், பெற்றோர்களும் வெயிலில் காயவேண்டாம் என்று. இதுதான் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் நம் பள்ளியில் என்ன பெரிதாக இருந்தது, சொல். நீச்சல் குளம் இருந்ததா, சின்தெடிக் டிராக் இருந்ததா? ஈட்டி ஒன்றே ஒன்று, அதுவும் முனை வளைந்தது. ஒரே ஒரு சட்டம் இருந்தது, யாரும் கரையில் உட்காரக் கூடாது, பெயர்ப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவனும் ஏதாவது ஒன்றில் இறங்கியே தீரணும். நம் கண்ணாடிக்காரன் 800 மீட்டர் ஓடினானே, நான்கு சுற்று. மற்றவர்கள் முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது இவன் மூன்றாவது சுற்றில் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வந்தான். பிடி சார் என்ன செய்தார்? அறுந்துபோன நாடாவை முடிச்சுப் போட்டு மறுபடியும் குறுக்கே பிடிக்கச் சொன்னார். கடைசியில் வருகிறவனுக்கும் நாடா உண்டு என்பது அவர் கணக்கு. ஜெயித்தவனைவிடப் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தி அதை அறுத்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தான். அவன் இப்போது மாரத்தான் ஓடுகிறான் என்றெல்லாம் கதை விட எனக்கு ஆசைதான், இல்லை, தொப்பையோடு இருக்கிறான். ஆனால் போன வாரம் பேசும்போது அந்த நாடாவைப் பற்றித்தான் பேசினான்.

மணியடித்த கதை ஞாபகம் இருக்கிறதா? 12 மணிக்குக் கோயில் மணி அடித்தால் மூவேளை செபம், எங்கே இருந்தாலும் அப்படியே நிற்கணும். அந்த வருஷம் 1500 தாமதமாக ஆரம்பித்து, ஐந்தாவது சுற்றில் மணி அடித்துவிட்டது. முன்னால் போன அசிசிக்காரன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான், அவனுக்குப் பின்னால் நம் ஆள் நின்றான், சேவியர்காரன் மட்டும் பத்து அடி நகர்ந்து நின்றுகொண்டு கண்ணை மூடி ரொம்ப பக்தியாகச் செபித்தான். செபம் முடிந்ததும் சிஸ்டர் நேராகப் போய் அவன் காதைப் பிடித்து, நின்ற இடத்திலிருந்து பத்து அடி பின்னால் கொண்டுபோய் விட்டார். அப்புறம்தான் விசில். இப்படி ஒரு 1500 மீட்டர் உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்குமா?

அந்த சிஸ்டர் இன்னும் இருக்கிறார்டா. ஓய்வு பெற்று மடத்தில்தான் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், வாய் அப்படியே. நான் போய்ப் புலம்பினேன். தம்பி, வத்திக்கானே 2019-ல் ஓட்டக் குழு ஆரம்பித்தது, அதில் சாமியார்களும் கன்னியாஸ்திரீகளும் ஓடுகிறார்கள், நீங்கள் இங்கே 16 பேரைச் சேர்க்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே என்றார். பொம்பளைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். 13 என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை உனக்குத் தெரியும்.

நம் மண்டைக்கு எட்டவில்லை பார். டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே ஆணும் பெண்ணும் கலந்த 4×400 ரிலே வந்துவிட்டது. ஹவுஸுக்கு இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். நான்கு ஹவுஸுக்கும் சேர்த்து எட்டும் எட்டும், தாராளமாக ஆள் இருக்கிறது. மீதி 11 பேர் 1500-க்கும் கயிறு இழுப்பதற்கும். உட்கார ஒருவரும் இல்லை. 2021-ல் அந்த மூன்று அண்ணன் தம்பிகளோடு நாலாவதாக ஒரு வார்த்தையும் சேர்த்திருக்கிறார்கள், கொம்யுனித்தேர், சேர்ந்து என்று அர்த்தம். இதையும் ஃபாதரிடம் போட்டுவிட்டேன். யோசிக்கிறேன் சார் என்றார். இரண்டு நாள் கழித்து, இந்த ஒரு வருஷம் நான்கு ஹவுஸாகவே பார்ப்போம் என்றார். ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேருகிறார்கள் என்பது தெரியும்வரை நான் எதையும் நம்பத் தயாராக இல்லை.

சரி, இனிமேல்தான் எழுத வந்த விஷயம். இதை எழுதாமல் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் கதை அளந்தேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

விளையாட்டு அறையைச் சுத்தம் செய்தோம். மட்கிய வலை, காற்றுப்போன பந்துகள், சுண்ணாம்பு மூட்டை, அதற்கடியில் நம் ரிலே பேட்டன். தண்ணீர்க் குழாயை அறுத்து நீலம் அடித்தது, ஒரு முனை நசுங்கியிருக்கிறது, எப்படி நசுங்கியது என்று நமக்குத் தெரியும். அதோடு பிடி சாரின் பதிவேடுகள், வருஷத்துக்கு ஒன்று. நம் 12-ஆம் வகுப்பு வருஷத்தை எடுத்துப் புரட்டினேன். சீனியர் ரிலேயில் போஸ்கோ என்ற இடத்தில் ஒரு கோடு. பக்கத்தில் சிவப்பு மையில், அவருடைய குண்டு எழுத்தில்: 'தகுதி நீக்கம். மூன்றாம் ஆள் மேல் தப்பில்லை. கடைசி ஆள் முந்திரிக்கொட்டை.'

மூன்றாம் ஆள் நீ. கடைசி ஆள் நான்.

எனக்குத் தெரியும்டா. அன்றைக்கே தெரியும். நான் நின்ற கோட்டிலிருந்து பின்னால் 22 பாதம் எண்ணிச் சுண்ணாம்பில் ஒரு கீறல் போட்டிருந்தேன், நீ அதை மிதிக்கும்போதுதான் நான் கிளம்பணும், கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதுதான் பாடம். நீ கீறலுக்கு வர இன்னும் இரண்டு எட்டு பாக்கி. நான் உன்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்து லேனில் சேவியர்காரன் கிளம்பினான், அதைப் பார்த்து நானும் கிளம்பிவிட்டேன். நீ நில்லுடா என்று கத்தினாய். அதுவும் கேட்டது. கையை மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடினேன். நீ எட்டி நீட்டினாய், என் விரல் நுனியில் பட்டது, விழுந்தது. போட்டவன்தான் எடுக்கணும் என்ற விதி ஞாபகம் வைத்து நீ ஓடிப்போய் எடுத்தாய், அதற்குள் நான் மாற்றும் பகுதியைத் தாண்டி நின்றேன். எல்லோரும் பார்த்தது உன் கையிலிருந்து விழுந்ததை மட்டும்தான். நீயும், கை வியர்த்துவிட்டது என்று நீயே சொன்னாய். நான் தலையை ஆட்டினேன்.

இப்போது 4×100 ரிலேயில் பேட்டன் மாற்றும் இடத்தை 20 மீட்டரிலிருந்து 30 ஆக்கிவிட்டார்கள். அதுவாவது நம்மைக் காப்பாற்றியிருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூட்டினது முன்பக்கம்தான், முடிகிற கோடு அதே இடத்தில் இருக்கிறது. எந்த விதியிலும் தப்பு என்னுடையதுதான்.

திங்கட்கிழமை அசெம்பிளி முடிந்ததும், கடைசியாக வந்த ஹவுஸ் என்று நாம்தான் கோப்பையைத் துடைத்து மாதா காலடியில் வைத்தோம். நீ துடைத்தாய், நான் துணி பிடித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். 27 வருஷம், வாட்ஸ்அப் குழுவில்கூட உன் பெயர் ஓட்டைக்கை, நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பிடி சார் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் அவசரப்படுகிறாயா என்று மட்டும் கேட்டார். நான் வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நீ சரி என்றால் குழுவில் போடுகிறேன். சரி சொல்லாவிட்டாலும் போடுகிறேன்.

ஸ்போர்ட்ஸ் டேயில் பழைய மாணவர்களுக்கு ஒரு ரிலே வைக்கிறார்கள். போஸ்கோவுக்கு உன் பெயரையும் கொடுத்துவிட்டேன், கேட்காமல்தான் கொடுத்தேன், என்னைத் தெரியாதா உனக்கு. கண்ணாடிக்காரன் முதல் ஆள், இரண்டாவது ஆளைத் தேடுகிறோம். இந்த முறை நான் மூன்றாவது, நீ கடைசி. கீறலை நீயே உன் பாதத்தால் எண்ணிப் போட்டுக்கொள். நான் வந்து மிதிக்கும்வரை நில். நேரமாகும், என் முழங்கால் கதை மேலே எழுதியிருக்கிறேன். விழுந்தால் என் கையிலிருந்து விழட்டும்.

வருவதாக இருந்தால் டிக்கெட் போட்டுவிட்டு எழுது.

இப்படிக்கு,
முந்திரிக்கொட்டை