எர்ஃபர்ட்டில் பிளேக் வந்தது பிறகுதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரைப் பற்றி வந்த பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். படங்களும் அருமை. ஆனால் 'பிளேக் பீதியில் வெறிகொண்ட கூட்டம் யூதர் பகுதியை அழித்தது' என்ற வரியைச் சும்மா கடந்துபோக மனம் வரவில்லை.

அந்தப் படுகொலை நடந்தது 1349 மார்ச் 21 அன்று. பிளேக் அந்த ஊரை எட்டியதே அடுத்த வருடம்தான். யூதர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற வதந்தி நோய்க்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது, சரி. ஆனால் முன்னின்றவர்களில் யூதர்களிடம் கடன்பட்டிருந்த வசதியான ஆட்களும் உண்டு. வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். கடன் கொடுத்தவர் செத்துப்போனால் யாருக்கு லாபம் என்றுதான் என் புத்தி முதலில் போகும். யூதர்களின் ஜெப ஆலயத்தை எடுத்துக்கொண்ட நகரசபை அதை ஒரு வியாபாரிக்கு விற்றது. அவர் அடியில் நிலவறை தோண்டிக் கிடங்காக்கிக்கொண்டார். பீதியில் ஓடிய கூட்டத்தின் வேலையா இது?

மகள் அந்தப் பக்கம் படிப்பதால் போய்ப் பார்க்க வாய்த்தது. மதில் போட்டு அடைத்த இடமல்ல அந்த யூதர் பகுதி. நகரசபைக் கட்டடத்தை ஒட்டி, கேரா ஆற்றங்கரை வரை, கிறிஸ்தவர்களோடு கலந்தே குடியிருந்திருக்கிறார்கள். வெட்டியது அக்கம்பக்கத்து மனிதர்களை. ஜெப ஆலயத்தின் மிகப் பழைய பகுதி 1094 வாக்கில் கட்டியது. பிற்காலத்தில் அதே கட்டடத்தில் நடனக் கூடமும் பவுலிங் தளமும் போட்டுக் குடித்துக் கூத்தடித்திருக்கிறார்கள். சுற்றிலும் வேறு கட்டடங்கள் மறைத்திருந்ததால் நாஜிகள் கண்ணில் படாமல் தப்பியது.

1998இல் கிடைத்த புதையலைக் கட்டுரை சிலாகிக்கிறது. சுமார் 28 கிலோ. வெள்ளிக்காசு மட்டும் 3,141. 'மஸல் தோவ்' (நல்வாழ்த்து) என்று ஹீப்ருவில் பொறித்த குட்டிக் கோபுரம் வைத்த கல்யாண மோதிரம் கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது. புதைத்தவர் கல்மன் என்ற யூத வணிகராக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். திரும்பி வந்து எடுக்க அவர் இல்லை.

1354இல் நகரம் யூதர்களை மறுபடி குடியேற்றியது. நூறு வருடத்தில் பாதுகாப்பை விலக்கிக்கொண்டு வெளியேற வைத்தது. அப்புறம் அவர்களுடைய கல்லறைக் கற்களைப் பிடுங்கிச் சுவர் கட்டினார்கள். உங்கள் கட்டுரையில் மோதிரத்துக்கு அரைப் பக்கம். இந்தக் கற்களுக்கு ஒரு வரிகூட இல்லை. இடைக்கால யூதச் சின்னங்களை யுனெஸ்கோ 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஊரைப் பற்றி எழுதும்போது இதற்கும் இடம் ஒதுக்கியிருக்கலாம். அந்தப் பிளேக் வரிக்காவது ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர்