மலைச்சரிவில் ஒரு கோல்ஃப் திடல்

கிரான்ஸ்-மொன்தானா, சுவிற்சர்லாந்து
ஆவணி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். புல்லு வெட்டப் போன இடத்தில் நானும் விளையாடுகிறேனாமே என்று அம்மா தொலைபேசியில் கேட்டுச் சிரித்தார். உண்மைதான். ஆட்கள் குறைந்த மாலை வேளைகளில் வேலையாட்களையும் ஆட விடுகிறார்கள். என்ன ஆட்டம், எப்படிப்பட்ட இடம் என்று அப்பா விரிவாக எழுதச் சொன்னதால் இக்கடிதம்.

றோன் நதிப் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களின் நடுவே, சியேர் என்ற சிறிய நகரம் இருக்கிறது. 1911இல் திறக்கப்பட்ட இழுவை ரயில் அங்கிருந்து செங்குத்தான சரிவில் ஏறக்குறைய 900 மீற்றர் உயரத்தைப் பன்னிரண்டு நிமிடங்களில் ஏறி மொன்தானாவில் கொண்டுவந்து விடும். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீற்றர் உயரத்தில், தெற்கு நோக்கிய ஒரு மலைத்தட்டில் எங்கள் திடல் கிடக்கிறது. எதிர்ப்பக்கத்தில் 4,506 மீற்றர் உயரமான வைஸ்ஹோர்ன் நிற்கிறது. வானம் தெளிந்த நாளில் மேற்கே மொன் பிளாங் சிகரமும் தெரியும். நீங்கள் படிப்பித்த நுவரெலியா இதைவிட முந்நூறு மீற்றருக்கும் மேல் உயரம் என்று சொன்னால் இங்குள்ளவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அங்கே 1889இல் திடல் அமைத்தவர்கள் பிரித்தானியர். இங்கே 1906இல் தொடங்கிவைத்த ஹென்றி லன்னும் ஆங்கிலேயரே. குளிரான மலையைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இராது போலும்.

ஆனால் நுவரெலியாவில் ஆண்டு முழுவதும் ஆடலாம். இங்கே கார்த்திகையிலிருந்து சித்திரை வரை எல்லாம் பனிக்கு அடியில். அந்த மாதங்களில் இதே நிலத்தில் மக்கள் பனிச்சறுக்குப் பழகுகிறார்கள். இளவேனிலில் பனி விலகும்போது, கிரீன் எனப்படும், குழி இருக்கும் அந்த மெல்லிய புற்பரப்பில் பூஞ்சணம் பிடித்து வட்ட வட்டமாகப் பழுப்பேறியிருக்கும். அதைத் தேற்றி எடுப்பதுதான் எங்கள் ஆண்டின் முதல் வேலை.

ஆட்டத்தின் விதி எளிது: சிறிய பந்தொன்றைத் தடியால் அடித்து, தொலைவிலுள்ள குழிக்குள் எத்தனை குறைந்த அடிகளில் விழுத்துகிறோம் என்பதே. அதை மலையின் உயரம் தலைகீழாக்கி விடுகிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைவு. பந்தைத் தடுக்கும் காற்று குறைவதால் அது கூடுதலாகப் பறக்கிறது. சுழன்று வளைவதும் குறைகிறது. ஜெனீவா ஏரிக்கரையில் ஆடிப் பழகிய ஒருவர் தன் வழக்கமான தடியை எடுத்து, வழக்கமான வலுவில் அடித்துவிட்டு, பந்து கிரீனைத் தாண்டிப் பின்னாலுள்ள மரங்களுக்குள் மறைவதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நிற்பதை நான் அடிக்கடி காண்கிறேன். இங்கே ஆட வருபவர் முதலில் தன் கைக்கணக்கை மறக்க வேண்டும்.

அதைவிட விசித்திரம், கண் சொல்லும் பொய். திடல் முழுவதும் வடக்கே மலையிலிருந்து தெற்கே பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தப் பெருஞ்சாய்வுக்குள் நின்று பார்க்கும்போது சிறு சாய்வு எதுவும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மட்டமாகத் தெரியும் புல்லில் மெதுவாக உருட்டிய பந்து, குழிக்கு இரண்டு சாண் இருக்கும்போது, யாரோ நூல் கட்டி இழுத்ததுபோலப் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிவிடும். என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கீசர் ஒருவர் குழியைப் பார்ப்பதே இல்லை. முதலில் றோன் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கமாகக் குறி வைத்துத் தட்டுகிறார். அவருடைய பந்துதான் பெரும்பாலும் உள்ளே விழுகிறது.

எனக்குப் பிடித்தது ஏழாவது குழி. தொடக்க மேடையில் ஏறி நின்றால் கால்களுக்குக் கீழே புல்வெளி இறங்கிப் போகிறது. அதற்கப்பால் வெறும் வானமும் பனிமலைகளும். குழி ஏறக்குறைய முந்நூறு மீற்றர் தொலைவில் இருப்பதால், பெரிய ஆட்டக்காரர்கள் ஒரே அடியில் கிரீனைப் பிடிக்கப் பார்ப்பார்கள். எனக்கு அது எட்டாது. ஆனாலும் அடித்த பந்து மலைகளுக்கு முன்னால் வெள்ளைப் புள்ளியாகத் தொங்கி, விழுமா விழாதா என்று தயங்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே நான் இந்த ஆட்டத்தை ஆடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திடலின் இன்றைய உருவம் ஸ்பானிய வீரர் செவெ பலஸ்தெரோஸ் 1990களின் பிற்பகுதியில் மாற்றி அமைத்தது. கிரீன்கள் பலவற்றை அவர் கவிழ்த்த தட்டுகளைப் போல உயர்த்திவிட்டார். நடுவில் இறங்காத பந்து ஓரத்தால் வழிந்தோடிவிடும். புல் வெட்டுபவனுக்கும் அதனால் தொல்லைதான், ஓரங்களில் இயந்திரத்தைப் பிடித்துத் திருப்பத் தோள் வலிக்கும். அவர் மீது கோபப்படவும் முடியவில்லை. 1993இல் இங்கே நடந்த பெரிய போட்டியில், கடைசியான பதினெட்டாவது குழியில் அவருடைய பந்து ஓர் உயரமான மதிலுக்குப் பக்கத்தில், மரங்களுக்கு அடியில் போய்ச் சிக்கியது. பின்வாங்கிப் பக்கவாட்டில் தட்டிவிடும்படி உதவியாளர் மன்றாடியும் கேளாமல், மதிலுக்கு மேலாகவும் கிளைகளுக்கு ஊடாகவும் இருந்த சிறு இடைவெளியால் பந்தை எழுப்பி, கிரீனுக்கு அருகில் கொண்டுவந்து, அடுத்த அடியிலேயே குழிக்குள் விழுத்தினார். இவ்வளவும் செய்தும் ஒரே ஒரு அடியால் வெற்றி ஆங்கிலேய ஆட்டக்காரர் பாரி லேனுக்குப் போனது. வென்றவரை விட்டுவிட்டு, அந்த அடியை நினைவுகூரும் பலகையைத்தான் வருபவர்கள் தேடிப் போகிறார்கள். நானும் அங்கே நின்று அந்த மதிலை அண்ணாந்து பார்த்தேன். அவ்விடத்தில் நான் என்றால் பந்தைக் கையால் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இப்போது ஐரோப்பிய மாஸ்டர்ஸ் போட்டி நெருங்குகிறது. 1939 முதல் இந்தத் திடல் பெரிய போட்டியைக் கண்டுவருகிறது. எங்களுக்கு விடியுமுன்னே வேலை: முதல் ஆட்டக்காரர் இறங்குமுன் பனித்துளியைத் துடைத்து, கிரீன்களை மில்லிமீற்றர் கணக்கில் வெட்டி, புதுக் குழி தோண்டி முடிக்க வேண்டும். தம்பியிடம் சொல்லிக் கைப்பேசியில் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். ஏழாவது குழியைக் காட்டும்போது, தொடக்க மேடையைச் சுற்றியுள்ள புல்லில் இளம்பச்சையும் கரும்பச்சையுமாக மாறி மாறிக் கோடுகள் தெரிந்தால், அவை நான் வெட்டியவை.

அம்மாவின் முழங்கால் வலிக்குச் சொன்ன தைலத்தை வாங்கி வைத்திருக்கிறேன்; புரட்டாதியில் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்