முகவரியை வலமிருந்து படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலி மின்னஞ்சலை நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ‘படித்தவர்களே இப்படி ஏமாறலாமா?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் நடந்ததை மறைக்கிறார்கள். கடவுச்சொல்லை மாற்றவும் வங்கிக்குச் சொல்லவும் கிடைக்கும் அரிய நேரம் அதிலேயே வீணாகிறது.

எழுத்துப்பிழை மலிந்த கடிதம்தான் போலி என்னும் பழைய அறிவுரை, செயற்கை நுண்ணறிவு பிழையின்றி எழுதித் தரும் இந்நாளில் செல்லாது. அனுப்புநரின் பெயரும் சான்றாகாது. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நெறிமுறையில் அனுப்புபவர் யாரென்று சரிபார்க்கும் ஏற்பாடே இல்லை, பின்னாளில் சேர்த்த சோதனைகளையும் எல்லோரும் முறையாகக் கடைப்பிடிப்பதில்லை. அஞ்சலில் உள்ள இணைப்பு திறக்கும் தளத்தில், சில உலாவிகள் முகவரிக்கு அருகே காட்டும் பூட்டுச் சின்னமோ, தகவல் வழியில் களவு போகாது என்று மட்டுமே சொல்கிறது; போய்ச் சேரும் இடமே திருடனுடையதாக இருக்கலாம்.

பார்க்க வேண்டியது தளத்தின் முகவரியைத்தான், அதுவும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாக. ‘வங்கிப்பெயர்.சரிபார்ப்பு.காம்’ என்றிருந்தால், முன்னால் எந்த வங்கியின் பெயர் இருந்தாலும், அது ‘சரிபார்ப்பு.காம்’ என்ற பெயரைப் பதிவு செய்தவரின் தளம். கண்ணை ஏமாற்றும் ஒத்த எழுத்துகளும் உண்டு என்பதால், கடவுச்சொல் மேலாண்மைச் செயலி நல்ல துணை. சேமித்த முகவரி பொருந்தாவிட்டால் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது.

வாடிக்கையாளருக்கு மட்டும் பாடம் நடத்துவது நியாயமன்று. ‘இணைப்புகளைத் தொடாதீர்கள்’ என்று எச்சரிக்கும் நிறுவனங்களே, ‘உடனே இங்கே சொடுக்கவும்’ என்று அஞ்சல் அனுப்புவதை முதலில் நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்